உறவுமானி

'மறுபொழுது' என்ற கணினி விளையாட்டு வெளிவந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அலுவலகத்தில் எல்லோரும் அதன் கதையை எழுதிய பூங்கோதைக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவளுடைய போனில் இன்னொரு வாழ்த்தும் வந்தது. அனுப்பியவள் ஜெசிந்தா. "விளையாட்டைப் பார்த்தேன். நல்லா எழுதியிருக்கீங்க. வாழ்த்துகள்."

வேறு யார் படித்தாலும் நல்ல வார்த்தை என்றுதான் சொல்வார்கள். பூங்கோதை அதை இரண்டாம் தடவை படித்தாள். பாளையங்கோட்டை விடுதியில் ஒரே அறையில் கிடந்த காலத்திலிருந்து ஜெசிந்தா அவளை "ஏட்டி" என்றுதான் கூப்பிடுவாள். பூங்கோதை தன் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனபோதும் ஏட்டிதான், மாமியார் பக்கத்தில் நின்றபோதும் ஏட்டிதான். இருபது வருஷ சிநேகத்தில் இப்போதுதான் முதல்தடவையாக ஒரு "எழுதியிருக்கீங்க". தூத்துக்குடிக்காரி கோபத்தில் செருப்பைத் தூக்கினால்கூடச் சமாளித்துவிடலாம், மரியாதையைத் தூக்கினால்தான் கஷ்டம். கேக் வெட்டக் கூப்பிட்டார்கள். பூங்கோதை போய்ச் சிரித்த முகமாக வெட்டினாள்.

அது என்ன விளையாட்டு என்று சொல்லிவிடுகிறேன். ஆடுகிறவர் அதில் ஒரு காலக்காவலர். கையில் ஒரு பொத்தான். அழுத்தினால் கடைசிச் சில நிமிஷங்கள் பின்னால் சுருண்டு, நடந்தது நடக்காததாகிவிடும். நடந்தது காவலருக்கு மட்டும் நினைவிருக்கும், மற்றவர்களுக்கு மறந்துபோகும். நிறைய அத்தியாயங்கள் உண்டு. ஊர் முழுக்கப் பேசியது ஆற்றங்கரை அத்தியாயத்தைப் பற்றித்தான். எஸ்தர் என்ற பெண் படித்துறையில் நின்று போனில் காதலனோடு பேசிக்கொண்டிருப்பாள். அவளுக்குப் பின்னால் எட்டு வயசுத் தம்பி தண்ணீரில் இறங்குவான். காவலர் அவளிடம் பேசி, போனை வைக்கச் செய்து, திரும்பிப் பார்க்க வைத்துவிட்டால் பையன் பிழைப்பான். பேச்சு சரிப்படாவிட்டால் பொத்தான் இருக்கவே இருக்கிறது.

ஆடியவர்கள் தம்பியைக் காப்பாற்றிய கையோடு எஸ்தரைத் திட்டி எழுதினார்கள். தம்பி மூழ்கும்போது காதலனோடு கொஞ்சுகிறவள் எல்லாம் ஓர் அக்காவா என்று ஒருவர். இவளைத் தள்ளிவிட ஒரு பொத்தான் வையுங்கள் என்று இன்னொருவர். அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக நின்றன. எழுதியவளுக்கு இதெல்லாம் பெருமையாக இருந்திருக்க வேண்டும். ஒரு மாதமாகப் பெருமையாகத்தான் இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

மத்தியானம் அவள் அன்வரைத் தேடிப்போனாள். பாத்திரங்களைப் பேசவைக்கும் பகுதி அவன் பொறுப்பு. வயதில் சின்னவன், அவளை அக்கா என்பான்.

"அன்வர், எஸ்தரைக் கதைக்கு வெளியில தனியாத் திறந்து தர முடியுமா?"

"முடியும். ஆனா எஸ்தர்னு யாரு இருக்கா அக்கா? உள்ள இருக்கறது உங்க ஃப்ரெண்டுதான். அவங்க ஒரு மாசம் இங்க உக்காந்து பேசினாங்க, அதைக் கேட்டுக் கேட்டுத்தான் அந்தக் குரலாள், அதான் அவங்க மாதிரியே பேசற கம்ப்யூட்டர் குரல், வளந்துச்சு. நாம மேல எஸ்தர்னு ஒரு சட்டைய மாட்டிவிட்டிருக்கோம். சட்டையக் கழட்டிட்டா அவங்க என்ன பேசுவாங்களோ, எப்படிக் கோவப்படுவாங்களோ, அப்படியே வரும்."

"அதான் வேணும். ஜெசிகிட்ட மன்னிப்புக் கேக்கணும். நேர்ல போறதுக்கு முன்னாடி இங்க பேசிப் பாத்துக்கறேன்."

அன்வர் நாற்காலியைத் திருப்பினான். "என்ன பண்ணினீங்க?"

சொன்னாள். ஜெசிந்தா பள்ளிக்கூட ஆசிரியை. கோடை விடுமுறையில் சிநேகிதிக்கு உதவியாகக் குரல் கொடுக்க வந்தாள். ஏதோ ஓர் அக்கா வேஷம், ரெண்டு காட்சி என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள். ஒருநாள் வேலை முடிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவள், யாரும் கேட்காமலே, தம்பி சூசையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். தாமிரபரணிக் கரையில் அத்தை வீடு. கல்லூரி விடுமுறை. இவள் போனில் இருந்தாள், அவன் தண்ணீரில் இருந்தான். அதுவரை அவள் அதை யாரிடமும் சொன்னது கிடையாது. சொல்லிவிட்டு அழுதாள். மைக் ஓடிக்கொண்டிருந்தது. பூங்கோதையின் கை அதை அணைக்கப் போனது. போன கை பாதியிலேயே நின்றுவிட்டது.

"அவங்களுக்குத் தெரியுமா, மைக் ஓடுச்சுன்னு?"

"தெரியாது."

"அந்தக் காதலன் சமாச்சாரம் அவங்க சொன்னதா?"

"இல்ல. கதைக்குக் கொஞ்சம் காரம் வேணும்னு நான் சேத்தது."

"அப்ப நெஜமா போன்ல யாரு?"

"யாரோ" என்றாள் பூங்கோதை.

யாரோ இல்லை, இவளேதான். விடுதி வார்டனுக்குக் கல்யாணம் நிச்சயமான கதையைச் சொல்லி ஜெசிந்தாவை விழுந்து விழுந்து சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஜெசிந்தா, "கொஞ்சம் இருட்டி, தம்பி கூப்புடுதான்" என்றாள். இவள், "இத மட்டும் கேட்டுட்டுப் போடி" என்றாள். அந்த 'இத மட்டும்' எவ்வளவு நேரம் நீண்டது என்று இரண்டு பேரும் பின்னால் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. அன்று மைக்கின் முன்னால்கூட ஜெசிந்தா "போன்ல இருந்தேன்" என்று மட்டும் சொல்லி, பூங்கோதையை ஒருதடவை பார்த்துவிட்டு, மேற்கொண்டு சொல்லத் தொடங்கிவிட்டாள். அந்தப் பார்வையையும் வாங்கிக்கொண்டுதான் இவள் கதை எழுதினாள். அன்வரிடம்கூட உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவள் நெஞ்சு குறுகுறுத்துக்கொண்டே அடுத்த பொய்யையும் சொன்னது.

அன்வர் சட்டையைக் கழற்றி, திரையை அவள் பக்கம் தள்ளினான். படம் இல்லை, குரல் மட்டும். ஓரத்தில் உறவுமானி. ஆடுகிறவர்மேல் அந்தப் பாத்திரத்துக்கு எவ்வளவு பிரியம் இருக்கிறது என்று காட்டுகிற பட்டை அது. பிரியம் கூடினால் பச்சை ஏறும், குறைந்தால் சிவப்பு.

"ஜெசி, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். நீ சூசையப் பத்திச் சொன்னத விளையாட்டுல கதையா வச்சுட்டேன்."

"ஏட்டி, என்ன சொல்லுத? செத்துப்போன புள்ளைய வச்சா வெளாட்டுப் பண்ணுன? ஒனக்கு..."

பட்டை சிவப்பாயிற்று. வாக்கியம் முடிவதற்குள் பூங்கோதை பொத்தானை அழுத்திவிட்டாள்.

மறுபடி முயன்றாள். முதலில் நலம் விசாரித்து, மெதுவாக விஷயத்துக்கு வந்தாள். "சுத்தி வளைக்காதட்டி, என்ன காரியம் செஞ்ச?" சிவப்பு. பொத்தான். அழுதுபார்த்தாள். "நீ எதுக்குட்டி அழுத? தம்பி எனக்கா ஒனக்கா?" பொத்தான். கம்பெனியின் மேல் பழியைப் போட்டாள். "எவன் சொன்னா என்ன, எழுதுன கை ஒன் கைதான?" அதுவும் சிவப்பு. தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கிற வேலை என்று பழமொழி சொல்வோம். இங்கே வால் கையில் வரும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாட்டைத் திரும்ப நிறுத்திக்கொள்ளலாம். ஒவ்வொரு தடவையும் எந்தச் சொல் சிவப்பாக்குகிறது என்று பார்த்து அதைத் தள்ளிவைத்தாள். அவள் பேச்சிலிருந்து காதலன் போனான். மைக் போனது. கடைசியில் அவள் சொன்ன மன்னிப்பு அழகாகவும் பணிவாகவும் இருந்தது. என்ன நடந்தது என்பது மட்டும் அதில் இல்லை.

குரலாள் சொன்னது: "பரவால்லங்க. நடந்தது நடந்துபோச்சு. நீங்க வருத்தப்படாதீங்க."

பட்டை முழுக்கப் பச்சை.

"ஃபுல் மார்க்கு" என்றான் அன்வர்.

பூங்கோதை நாற்காலியில் சாய்ந்து மூச்சுவிட்டாள். மூச்சு முழுதாக வெளியே வருவதற்குள் அந்த 'ங்க' காதில் விழுந்தது. போனில் வந்த வாழ்த்தில் இருந்ததும் இதேதான்.

"அன்வர், இந்த மானி எத வச்சுப் பிரியத்தைக் கணக்குப் போடுது?"

"நிறைய இருக்கு. குரல் ஏத்த எறக்கம், சண்டை வார்த்தை... முக்கியமா நீ, நீங்க. 'டி' போட்டாக் குறையும், 'ங்க' போட்டா ஏறும். அந்த விதிய எழுதிக் குடுத்ததே நீங்கதான் அக்கா. வெளிநாட்டு டீம் தமிழ்ல நெருக்கத்த எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு கேட்டப்ப, நீங்கன்னா மரியாதை, மரியாதை ஏறினா உறவு நல்லா இருக்குன்னு சொன்னீங்க."

சொல்லியிருந்தாள். பசி வேளையில் நடந்த ஒரு கூட்டத்தில், தமிழ் தெரியாதவர்களுக்குத் தமிழர் பெருமையைச் சொல்கிற உற்சாகத்தில் சொல்லியிருந்தாள். 'முடிவில் எல்லாப் பாத்திரமும் மாமியார் வீட்டில் புது மாப்பிள்ளையிடம் பேசுகிற மாதிரி பேசுகிறது' என்று ஒரு விமர்சகர் எழுதியபோது, ரசனை கெட்டவன் என்று அவரைத் திட்டவும் செய்தாள். இப்போது யோசித்தால், ஜெசிந்தா அவளோடு ஜெசிந்தாவாகப் பேசிய இடமெல்லாம் சிவப்புப் பட்டையில் இருந்தது. அவற்றை எல்லாம் இவள் விரலால் அழித்திருந்தாள். அத்தனை ஒத்திகையிலும் போனில் இருந்தது யார் என்ற பேச்சை மட்டும் ஒருதடவைகூட எடுக்கவில்லை. பூங்கோதைக்கு அன்வரை நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை தூத்துக்குடிக்குப் போனாள். மாதா கோயிலுக்குப் பின்னால் சின்னத் தெரு, பச்சைக் கதவு. ஜெசிந்தாதான் திறந்தாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, தாயும் மகளும் மட்டும்தான் அந்த வீட்டில்.

"வாங்க. எப்ப வந்தீங்க? உக்காருங்க."

கூடத்து நாற்காலியில் உட்காரவைத்தாள். முன்பெல்லாம் பூங்கோதை நேரே அடுக்களைக்குப் போய் மக்ரூன் டப்பாவைத் திறந்து நின்றபடியே தின்பாள். இன்று அதே மக்ரூன் ஒரு தட்டில், பக்கத்தில் தண்ணீர் டம்ளரோடு வந்தது. எதிரில் ஜெசிந்தா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஒத்திகை பார்த்த எதையும் சொல்லக்கூடாது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டுதான் வந்தாள். ஆனால் நாக்குக்குப் பழகின பாதை அது ஒன்றுதான். அழகாகவும் பணிவாகவும் இருந்த அதே மன்னிப்பு வரிசை மாறாமல் வந்துவிட்டது.

"பரவால்லங்க" என்றாள் ஜெசிந்தா. "நடந்தது நடந்துபோச்சு. நீங்க வருத்தப்படாதீங்க. மக்ரூன் எடுத்துக்கோங்க."

பூங்கோதையின் கட்டைவிரல் முழங்காலை அழுத்திக்கொண்டிருந்தது. அங்கே பொத்தான் எதுவும் இல்லை.

"ஜெசி" என்றாள். "அன்னிக்கு நீ, தம்பி கூப்புடுதான்னு சொன்ன. இத மட்டும் கேட்டுட்டுப் போன்னு நான்தான் நிறுத்தினேன். கதையில அந்த எடத்துல என்னத் தூக்கிட்டு ஒரு ஆம்பளைய வச்சுட்டேன். மைக்கும் ஓடிட்டுதான் இருந்துச்சு. தெரிஞ்சேதான் விட்டேன்."

ஜெசிந்தா தட்டைக் கொஞ்சம் தள்ளிவைத்தாள்.

"இருவது வருசம் கழிச்சு இப்பதாம்ட்டி ஒனக்கு அது ஞாவகம் வருது?"

பூங்கோதை தண்ணீர் டம்ளரை எடுத்து, குடிக்காமலே திரும்ப வைத்தாள்.

"தம்பி தண்ணிக்குள்ள போம்போது எங்க இருந்தன்னு கேட்டப்ப, துண்டு எடுக்கப் போனேன்னு எங்கம்மாட்ட சொன்னேன். எதுக்குட்டி அப்பிடிச் சொன்னேன்? போன்ல இருந்தேன்னு சொன்னா யாருட்டன்னு கேப்பா. ஒம் பேரச் சொல்லணும். அம்மா ஒன்னய மக மாதிரி வச்சிருந்தா. போனது போச்சு, ரெண்டு பேரையும் எதுக்கு அவ வெறுக்கணும்னு ஒருத்தியா வாங்கிக்கிட்டேன். நீ என்னடான்னா எனக்கு ஒரு மாப்பிள்ள பாத்து வச்சிருக்க."

"ஜெசி..."

"பேசாத. வகுப்புல புள்ளைக வந்து சொல்லுது, டீச்சர் ஒங்க கொரல் மாதிரியே இருக்கு, நான் ரெண்டாந்தடவையே அவனக் காப்பாத்திட்டேன்னு. ஊர்ல இருக்க சின்னப் புள்ளையெல்லாம் அவனக் காப்பாத்துது. நான் ஒருத்திதாம்ட்டி காப்பாத்தல." அவள் எழுந்து சன்னல் பக்கம் போய் நின்றாள். "பக்கத்து வீட்டுக்காரி எங்கம்மாட்ட வந்து, ஒங்க மக கதைதானாமேன்னு கேட்டுட்டுப் போயிட்டா. அன்னையிலருந்து அம்மா தெனமும் கேக்கா. சோறு வைக்கும்போது கேக்கா, செபம் முடிஞ்ச ஒடனே கேக்கா. யாருளா அந்தப் பயன்னு. அப்பிடி ஒருத்தனும் இல்லன்னாலும் நம்ப மாட்டுக்கா. தம்பியக் கொன்னுட்டு எவனையோ மறைக்கேன்னு நெனைக்கா. நான் என்னத்தச் சொல்ல?"

"நான் என்ன பண்ணணும்?"

"மன்னிப்பெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். அம்மா பின்னால இருக்கா. போய்ச் சொல்லு."

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஆனால் இந்த ஒரு வாய்க்குப் பதில் சொல்லிவிடலாம் என்று பூங்கோதை எழுந்தாள். திட்டு விழும், துடைப்பம்கூட விழலாம். விழட்டும் என்றுதான் போனாள்.

பின்கட்டில் ஜெசிந்தாவின் அம்மா சவேரியம்மாள் மணையில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். பூங்கோதையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வா புள்ள. எளச்சுப் போயிட்டியே. இப்பிடி ஒக்காரு." பிறகு கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நல்லவேளைக்கு வந்த. ஒனக்குத் தெரியாம இருக்காது. ஒரே ரூம்புலதான கெடந்திய. அந்தப் பய யாரு? இப்ப எங்க இருக்கான்?"

பூங்கோதை உட்காரவில்லை. பொத்தான் இல்லாத இடத்தில் பேசுகிறவர்கள் எல்லோரும் பேசுவதுபோல, உடைந்த குரலில், முன்னும் பின்னுமாகச் சொன்னாள். "பையன் யாரும் இல்லம்மா. அது நான் எழுதின பொய். அன்னிக்கு போன்ல இருந்தது நான்தான். அவ வைக்கறேன்னு சொன்னா. நான்தான் விடல."

சவேரியம்மாளின் கை மீன்மேல் அப்படியே நின்றது.

"ஒருத்தனுமே இல்லியா?"

"இல்லம்மா."

"துண்டு எடுக்கப் போனேன்னா. துண்டு கரையில கெடந்துச்சு. ஏதோ மறைக்கான்னு அன்னைக்கே தெரியும். என்னன்னுதான் தெரியல." அவள் யாரையும் பார்க்காமல் சட்டியைப் பார்த்துப் பேசினாள். "போன மாசம் இந்த வெளாட்டு வந்துச்சு. சரிதான், ஒரு பயகூடப் பேசிட்டு இருந்திருக்கான்னு நெனச்சேன். கோவந்தான வரணும்? வரல புள்ள. தம்பி போன துக்கத்துல அவனையும் விட்டுட்டாளே, அதான் கல்யாணமே வேண்டாம்னு நின்னுட்டாளேன்னுதான் இருந்துச்சு. எம் மவளுக்குன்னும் ஒருத்தன் இருந்தான், அவளும் ஒருநா வாய்விட்டுச் சிரிச்சுப் பேசிட்டு இருந்திருக்கான்னு இந்த ஒரு மாசமாத்தான் கொஞ்சம் மனசு ஆறிக் கெடந்தேன். அவன் இன்னும் தனிக்கட்டையா இருந்தா, வயசு போனா என்ன, நானே போய்க் கேட்டுப் பாக்கலாம்னுதான் யாரு யாருன்னு அவளக் கேட்டேன். சொல்ல மாட்டுக்கா."

வாசற்படியில் ஜெசிந்தா நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அம்மா சொன்னதைக் கேட்டுவிட்டாள் என்பது மட்டும் முகத்தில் தெரிந்தது. பூங்கோதை அவளைப் பார்த்தாள், அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

சவேரியம்மாள் சட்டியை ஒதுக்கிவைத்தாள். குழாயடியில் கையை அலசி, முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சுவரோரம் கிடந்த நாற்காலியை இழுத்து, அதன் தூசியைத் தட்டி, பூங்கோதையின் முன்னால் போட்டாள். அவள் முகத்தில் கோபம் இல்லை.

"உக்காருங்க" என்றாள். "நீங்கதானா அது?"